நிற்கும் நீரும் நடக்கும் நீரும்

பிள்ளைப்பாக்கம் ஏரியிலோ சொந்த ஊர்க் கிணற்றிலோ நீந்தக் கற்ற ஒருவர் முதன்முறையாகச் சென்னையை அடுத்த கோவளம் கடலில் இறங்கும்போது அவருக்கு ஓர் இன்ப வியப்பு காத்திருக்கிறது. உடல் எடை குறைந்துவிட்டது போலத் தோன்றும். இது வெறும் தோற்றமன்று, அளந்து காட்டக்கூடிய உண்மை. ஒரு லிட்டர் நன்னீரின் எடை ஒரு கிலோ. ஒரு லிட்டர் கடல்நீர், கரைந்துள்ள உப்பின் காரணமாக, ஏறத்தாழ 1.025 கிலோ இருக்கும். 60 கிலோ எடையுள்ளவர் முழுமையாக மூழ்கினால் ஏறக்குறைய 60 லிட்டர் நீரை விலக்குகிறார். விலக்கப்பட்ட நீரின் எடை எவ்வளவோ அவ்வளவு விசை அவரை மேலே தூக்கும் என்பது, சிராக்கூசு நகரில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசு கண்ட விதி. கணக்குப் போட்டால், ஏரியைக் காட்டிலும் கடல் அவரை ஒன்றரைக் கிலோ கூடுதலாகத் தாங்குகிறது. மூக்கும் வாயும் நீர்மட்டத்துக்கு மேலே நிற்பதா கீழே போவதா என்பதைத் தீர்மானிக்க ஒன்றரைக் கிலோ சிறிய அளவன்று.

இப்படித் தாங்குகிற கடலே இழுத்தும் செல்கிறது. ஏரி குறைவாகத் தாங்கும், ஆனால் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே விட்டுவைக்கும். நிற்கும் நீரில் பழகிய கைகால்கள் நடக்கும் நீரை அறியா. நீந்தத் தெரிவது ஒரு கலை, நீரைத் தெரிந்திருப்பது வேறோர் அறிவு. முன்னது இருந்தால் பின்னதும் தானே வந்துவிடும் என்று எண்ணுவதில்தான் இடர் தொடங்குகிறது.

இதைப் பிள்ளைப்பாக்கத்தில் இருந்துகொண்டு எண்ணிப் பார்க்கக் காரணமுண்டு. சிப்காட் தொழிற்பூங்கா, ஒரகடம், வல்லம் வடகால் என்று சென்னைப் புறத்தே நீளும் இத்தொழில் தடத்தில் வேலை செய்யும் இளைஞர்களில் மிகப் பலர் கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள் அல்லர். உள் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட விடுதி வளாகம் ஒன்று மட்டுமே 18,720 பெண் தொழிலாளர் தங்கும் அளவுடையது. வாரம் முழுதும் முறைப்பணியில் கழிய, ஞாயிறு வந்தால் வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கடற்கரைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நண்பர்கள் சேர்ந்தால் மதியத்துக்குள் அலையில் நிற்கலாம். தொழிற்சாலைக்குள் நுழையும் முதல் நாளே பாதுகாப்புப் பாடம் நடத்தி, தலைக்கவசமும் காலணியும் கொடுத்து, மஞ்சள் கோட்டுக்கு உள்ளே நடக்கச் சொல்கிறார்கள். கடலுக்கு அப்படியொரு முதல் நாள் வகுப்பு கிடையாது.

முதலில் அருகிலுள்ள நீரைப் பார்ப்போம். நிற்கும் நீர் தீங்கற்ற நீர் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைப்பாக்கம் ஏரி பழைய பாசன ஏரி. கலங்கல் வழிந்தால் மிகைநீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிச் செல்லும். இவ்வட்டாரத்து ஏரிகளில் கோடையில் மண் எடுப்பது வழக்கம். பொக்லைன் தோண்டிய பள்ளத்துக்குச் சரிவு இராது, செங்குத்தான சுவர்தான் இருக்கும். மழை பெய்து நீர் நிரம்பியதும் பள்ளம் கண்ணுக்கு மறைகிறது. இடுப்பளவு நீரில் நடந்து கொண்டிருப்பவர் அடுத்த அடியில் தலைக்கு மேல் நீருக்குள் இறங்குகிறார். அங்கிருந்து ஏறக் கால் வைக்க இடமில்லை, ஊறிய களிமண் வழுக்கும். நீந்தத் தெரியாத ஒருவர் இப்படி விழ, அவரைப் பிடிக்கப் போன இருவரும் விழ, மூன்று பேர் போனார்கள் என்ற செய்தியைத் தமிழ்நாட்டு நாளிதழ்களில் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் படிக்கிறோம்.

ஒளியும் இதில் ஏமாற்றுகிறது. நீரிலிருந்து காற்றுக்குள் வரும் ஒளிக்கதிர் வளைவதால், நேர்மேலிருந்து பார்க்கும்போது ஆழம் நான்கில் மூன்று பங்காகவே தெரியும். இரண்டு மீட்டர் ஆழம் ஒன்றரை மீட்டராகத் தோன்றும். சாய்வாகக் கரையில் நின்று பார்த்தால் இன்னும் குறைவாகத் தோன்றும். தெளிந்த நீரில்தான் இந்த மயக்கம். கலங்கிய நீரில் எதுவுமே தெரியாதாகையால் அங்கு மயங்கவும் வழியில்லை. ஆனால் கரையிலிருந்து தலைகீழாகப் பாய்பவருக்கு அடியில் சேறா, கல்லா, முறிந்த வேலிக் கம்பியா என்பது தலை முட்டிய பிறகே தெரியும்.

மதகைப் பற்றியும் ஒரு சொல். மூன்று மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 300 கிராம் எடைக்குச் சமம். ஓரடிக்கு ஓரடி திறப்புள்ள மதகு திறந்திருக்க, அதன் வாயை ஒருவரின் முதுகு அடைத்துக்கொண்டால், அவரை அங்கே அழுத்திப் பிடிக்கும் விசை ஏறத்தாழ 280 கிலோ எடைக்கு நிகராகும். மேலே நீர்ப்பரப்பில் ஒரு சுழிகூடத் தெரியாமல் இது நடக்கலாம். ஏரியில் நீர் திறந்துவிட்ட நாளில் மதகுப் பக்கம் குளிக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் சிறுவரை விரட்டுவது வெறும் அதட்டலன்று.

இனிக் கடல். கரையில் உடையும் அலையைப் பிறப்பிப்பது பெரும்பாலும் வேறெங்கோ வீசிய காற்று. ஆழ்கடலில் அலை செல்லும்போது நீர் அதனோடு பயணம் செய்வதில்லை. இருந்த இடத்திலேயே வட்டமிட்டு எழுந்து தாழ்கிறது. ஆழம் குறைந்து, அலையின் உயரத்தைப் போல் ஏறத்தாழ ஒன்றேகால் மடங்கு ஆகும்போது அலை தன் காலில் தானே இடறி உடைகிறது. அதற்குப் பிறகுதான் நீர் மெய்யாகவே கரையை நோக்கி ஓடிவருகிறது. ஒரு கன மீட்டர் கடல்நீர் ஒரு டன்னுக்கும் மேல் எடையுள்ளது என்பதை நினைத்துக்கொண்டால், இடுப்பளவு அலை நம்மைப் புரட்டிப் போடுவது ஏன் என்பது விளங்கும்.

இப்படி அலை மேல் அலையாகக் கரையில் வந்து குவியும் நீர் திரும்பிப் போக வேண்டும். கரைக்குச் சற்று அப்பால் மணல்மேடு இருந்தால் அந்நீர் மேட்டின் மேல் ஏறிப் போவதைவிட, மேட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே ஒன்றுதிரண்டு பாய்ந்து போகும். இதுதான் இழுநீரோட்டம். அகலம் சில மீட்டரோ சில பத்து மீட்டரோ இருக்கும். வேகம் பொதுவாக நொடிக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர், சில வேளைகளில் இரண்டு மீட்டரையும் தாண்டும். 2024 பாரிசு ஒலிம்பிக்கில் சீனத்தின் பான் ஜான்லே 100 மீட்டரை 46.40 நொடியில் நீந்தி உலகச் சாதனை படைத்தார். சராசரியாக நொடிக்கு 2.15 மீட்டர். அதாவது, உலகின் வேகமான நீச்சல் வீரரும் வலுத்த இழுநீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் இருந்த இடத்தில்தான் இருப்பார். நாம் எம்மாத்திரம்!

இதில் கொடுமை என்னவென்றால், நீரோட்டம் ஓடும் இடம்தான் பார்ப்பவர் கண்ணுக்குப் பாதுகாப்பாகத் தெரிகிறது. இருபுறமும் அலைகள் வெண்ணுரையாக உடைந்துகொண்டிருக்க, நடுவே ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல் நீர் அமைதியாக, சற்றுக் கருமையாக இருக்கும். அங்கே ஆழம் கூடுதல் என்பதால்தான் அலை உடையவில்லை. குழந்தையோடு வந்த குடும்பம் அலை வேண்டாமென்று அந்த அமைதியைத் தேடிப் போய் இறங்குகிறது. இறங்குமுன் ஐந்து நிமிடம் மணலில் நின்று, நுரையும் குப்பையும் கலங்கல் மணலும் எந்த இடத்தில் கடலை நோக்கிப் போகின்றன என்று பார்த்தால் நீரோட்டத்தின் தடம் புலப்படும். கடல் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகளின் ஓரத்தில் இது ஏறக்குறைய நிலையாகவே இருக்கும். கரையோரம் ஓடிவரும் நீர் கல்லில் முட்டி, கல்லை ஒட்டியே கடலுக்குள் திரும்புவதால், படமெடுக்க அழகான அந்த இடம் குளிக்கத் தகாத இடமாகிறது. கோவளத்தருகே உள்ள முட்டுக்காட்டு முகத்துவாரமும் அப்படியே. வற்றம் வரும்போது கழிமுகத்து நீர் முழுதும் ஒரு குறுகிய வாய் வழியே வெளியேறுகிறது.

சிக்கிக்கொண்டால் என்ன செய்வது? இழுநீரோட்டம் யாரையும் அடியில் இழுப்பதில்லை, அப்பால் இழுக்கிறது. உடையும் அலைகளைக் கடந்ததும் தளர்ந்துவிடுகிறது. கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் புவியிடங்காட்டி பொருத்திய மிதவைகளை விட்டு ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை கடலுக்குள் போய்விடாமல் சுற்றிக்கொண்டு சில நிமிடங்களில் மீண்டும் மணல்மேட்டுப் பக்கமே வந்து சேர்ந்தன. எல்லாக் கடற்கரையும் அப்படி நடந்துகொள்ளும் என்று உறுதி கூற இயலாது. ஆயினும் முதலில் மல்லாந்து மிதப்பது, கையை உயர்த்தி உதவி கேட்பது, மூச்சு சீரானதும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து வெண்ணுரை உள்ள இடத்துக்குப் போய், அலையோடு சேர்ந்து கரைக்கு வருவது என்ற வரிசை எங்கும் பொருந்தும். கரையை நோக்கி நேராக முட்டி மோதி நீந்தியவர்களைக் கொல்வது பெரும்பாலும் களைப்புத்தான்.

கோவளத்தில் மீனவர் மூர்த்தி மேகவன் தொடங்கிய அலைச்சறுக்குப் பள்ளியைப் பலரும் அறிவர். 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் உலகளாவிய அலைச்சறுக்குப் போட்டியும் நடந்தது. அலைச்சறுக்குப் பயில்வோர் பலகையோடு உள்கடலுக்குச் செல்ல இதே இழுநீரோட்டத்தைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள். உடையும் அலைகளோடு மல்லுக்கட்டாமல் விரைவில் வெளியே போக அதைவிட நல்ல சாலை இல்லை. அறிந்தவனுக்கு வாகனம், அறியாதவனுக்கு வலை.

நம் கடலுக்கு இன்னொரு நடையும் உண்டு. கரைக்கு இணையாக ஓடும் நீரோட்டம் தென்மேற்குப் பருவத்தில் பெரும்பாலும் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் செல்லும். சென்னைக் குப்பங்களின் மீனவர்கள் முன்னதைத் தெண்டி என்றும் பின்னதை வன்னி என்றும் வழங்குகின்றனர். ஆண்டு முழுதும் கணக்கெடுத்தால் வடக்கு நோக்கிய ஓட்டமே மிகுதி. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சென்னைத் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டபோது, வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அதில் தடைபட்டுத் தேங்கியதால்தான் மெரினா இவ்வளவு அகன்றது. மணல் கிடைக்காத இராயபுரம் பக்கம் கரை கரைந்தது. இத்தனை மணலைச் சுமந்து செல்லும் ஓட்டத்தில் மனிதர் மட்டும் அசையாமல் இருப்பாரா? நொடிக்கு 30 சென்டிமீட்டர் என்ற மெதுவான ஓட்டத்தில்கூடப் பத்து நிமிடத்தில் 180 மீட்டர் தள்ளிப் போயிருப்பார். தலை நிமிர்ந்து பார்த்தால் கழற்றி வைத்த செருப்பையும் துணிமூட்டையையும் காணோம். எவனோ எடுத்துப் போய்விட்டான் என்றுதான் முதலில் தோன்றும்!

கோவளம் கடற்கரை 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. 1985இல் பிரான்சில் தொடங்கி இன்று கோபன்கேகனிலிருந்து நடத்தப்படும் இத்திட்டம் நீரின் தூய்மை, சூழல் மேலாண்மை, கல்வி, பாதுகாப்பு ஆகியவற்றில் 33 அளவுகோல்களை வைத்திருக்கிறது. இச்சான்று பெற்ற கடற்கரைகள் கிரேக்கத்தில் 600க்கும் மேல். மிகப் பெருமையான செய்திதான். ஆனால் நீலக்கொடி அந்த இடத்தின் ஏற்பாடுகளைச் சொல்கிறதே தவிர, இன்று காலைக் கடலின் மனநிலையைச் சொல்வதில்லை. அதைச் சொல்ல வேறு கொடிகள் இருக்கின்றன. சிவப்பும் மஞ்சளுமான கொடி இரண்டுக்கு நடுவே உயிர்காப்பாளர் பார்வையில் குளிக்கலாம். தனிச் செங்கொடி பறந்தால் இறங்கக் கூடாது. நீலக்கொடியையும் இக்கொடிகளையும் பிரித்தறியாமல், சான்று பெற்ற கடற்கரைதானே என்று இறங்குவது தவறு.

கிரேக்கத்தைப் பற்றிய பேச்சு வந்ததால் அதன் தீவுகளில் உள்ள ஓர் இடரையும் சொல்ல வேண்டும், அது நமக்கும் உரியது. ஏஜியன் கடலில் கோடை முழுதும் மெல்டெமி என்னும் வடகாற்று, மேகமே இல்லாத வானில் வலுத்து வீசும். தீவின் தென்கரையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போவதால் கரையோர நீர் கண்ணாடிபோல் அமைதியாக இருக்கும். காற்றடைத்த மெத்தையில் படுத்து மிதப்பவர், திரும்பிப் பார்க்கும்போது கரை எட்டாத் தொலைவில் இருக்கும். சென்னைக் கரையிலும் ஆனி ஆடி மாதக் காலைகளில் மேற்குக் காற்று இதையே செய்கிறது. கடற்காற்று நண்பகலுக்குப் பின்னரே வந்து சேர்கிறது. காலை நேரத்தில் கடல் குளம்போல் கிடக்கிறதே என்று நின்று துடுப்பிடும் பலகையில் ஏறுபவர், நிமிர்ந்து நிற்கும் தம் உடலே ஒரு பாயாகிவிட்டதை உணர்வதில்லை. அப்போது செய்ய வேண்டியது மண்டியிட்டோ குப்புறப் படுத்தோ துடுப்பிடுவது. காற்றுப் படும் பரப்பு வெகுவாகக் குறைந்துவிடும். கால் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கரைக்கு நீந்த முயல்வது பெரும்பிழை. பலகை மிதக்கிற வரை மனிதரும் மிதப்பார், தேடி வருபவர் கண்ணுக்கும் பலகைதான் முதலில் படும்.

காற்றே இல்லாத நாளிலும் கடல் எழுவதுண்டு. தென் இந்தியப் பெருங்கடலில், ஏறத்தாழ 40 பாகை தென் அகலாங்கில் அடிக்கும் புயற்காற்று நெடிய அலைகளை எழுப்புகிறது. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 18 நொடி என்று கொண்டால், அந்த அலைக்கூட்டம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து நான்கைந்து நாளில் கன்னியாகுமரியைத் தொடும். வரும் வழியில் பெரிதாக உயரமும் காட்டாது. ஆழங்குறைந்த இடத்தில்தான் திடீரென எழுந்து, வழக்கமான எல்லையைத் தாண்டிக் கரையேறும். கேரளத்திலும் குமரியிலும் இதைக் கள்ளக்கடல் என்பர். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் உயிரிழந்தது இத்தகைய ஒரு நாளில்தான். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அந்நாள்களில் எச்சரிக்கை விடுத்திருந்தது. எச்சரிக்கை மீனவர் குப்பங்களுக்குச் சென்று சேர்கிற அளவுக்குச் சுற்றுலா வந்தவர் கைப்பேசிக்கு வந்து சேர்வதில்லை. மழை வருமா என்று பார்க்கும் வழக்கம் நமக்கு வந்துவிட்டது. கடலுக்குப் புறப்படுமுன் அலை எச்சரிக்கை பார்க்கும் வழக்கம் இன்னும் வரவில்லை.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021இல் மட்டும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களில் பலர் ஆள்கள் சூழ இருந்த இடங்களிலேயே போயிருப்பார்கள். மூழ்குபவர் கையை வீசிக் கூச்சலிடுவார் என்ற எண்ணம் திரைப்படம் நமக்குக் கற்பித்தது. நியூயார்க்கின் ஆர்ச்சர்டு கடற்கரையில் உயிர்காப்பாளராக இருந்த பிரான்செசுகோ பியா, மூழ்குபவர்களைப் படமெடுத்து ஆராய்ந்து கண்டது வேறு. கத்த வேண்டுமானால் முதலில் மூச்சு வேண்டும், அது கிடைக்காதபோது குரல் எழாது. கைகள் உயராமல், இரு பக்கமும் நீரை அழுத்திக்கொண்டிருக்கும். உடல் செங்குத்தாக நிற்கும், தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் நீர்மட்டத்தில் தோன்றித் தோன்றி மறையும். இந்த நிலை 20 முதல் 60 நொடி வரையே நீடிக்கும். சத்தம் போட்டுக் கும்மாளமிட்ட நண்பன் திடீரென்று அமைதியானால் அவனைத்தான் பார்க்க வேண்டும். குடித்திருப்பவனிடம் இந்த ஒரு நிமிடமும் இராது. குடித்தவனைக் கடலுக்கு அழைத்துப் போகும் நட்பை நான் நட்பென்று ஏற்பதில்லை.

காப்பாற்ற உடனே பாய்வது மனித இயல்பு. மூழ்குபவர் கையில் கிடைத்ததன் மேல் ஏறி மூச்சு வாங்கப் பார்ப்பார். கிடைப்பது காப்பாற்ற வந்தவரின் தோள். எனவே முதலில் அனுப்ப வேண்டியது மிதக்கும் பொருளை. பிள்ளைப்பாக்கத்து வாடகை அறை ஒவ்வொன்றிலும் 20 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று நிற்கிறது. அதைக் காலி செய்து மூடியை இறுக மூடினால் ஏறத்தாழ 19 கிலோ தூக்குவிசை தரும். நீருக்கு மேல் நிற்க வேண்டிய மனிதத் தலையின் எடை நான்கைந்து கிலோதான். ஆகவே ஒரு கேன் இருவரைத் தாராளமாகத் தாங்கும். கைப்பிடியில் பத்து மீட்டர் நைலான் கயிறும் கட்டிவிட்டால், ஏரிக்கானாலும் கடலுக்கானாலும் செலவில்லாத காப்புக் கருவி. வண்டியில் உணவுப் பொட்டலத்துக்கு இடம் கிடைக்கும்போது இதற்கும் கிடைக்கும்.

கரை சேர்த்தபின் நம் ஊரில் செய்யும் முதல் வேலை வயிற்றை அமுக்குவது; சில இடங்களில் தோளில் தலைகீழாகப் போட்டுச் சுற்றுவார்கள். வாய்வழியே வெளிவருவது இரைப்பையில் இருந்த நீர். அது உயிரைப் பறிப்பதில்லை. அமுக்கும்போது உணவோடு ஏறி மூச்சுக்குழலுக்குள் போனால்தான் பறிக்கும். மூழ்கியவருக்கு இல்லாமல் போனது ஆக்சிசன். அது நின்ற நான்கைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்குகிறது. ஆகவே மூச்சில்லை என்று கண்டதும் ஒருவர் 108ஐ அழைக்க, மற்றவர் தலையைச் சற்றுப் பின்சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து இரண்டு முதல் ஐந்து முறை மூச்சு ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவில் உள்ளங்கை வைத்து ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது என்ற விரைவில், முப்பது அழுத்தமும் இரண்டு மூச்சுமாக, வண்டி வரும்வரை மாறி மாறிச் செய்ய வேண்டும். கண் திறந்து எழுந்து உட்கார்ந்து, ஒன்றுமில்லை, அறைக்குப் போகலாம் என்று அவரே சொன்னாலும் மருத்துவமனைக்குத்தான் அழைத்துச் செல்ல வேண்டும். நுரையீரலுக்குள் போன சிறிதளவு நீர் அதன் நுண்ணறைகளை விரித்து வைக்கும் வழவழப்பான படலத்தைக் குலைத்திருக்கும்; மூச்சுத்திணறல் பல மணி நேரம் கழித்து, நள்ளிரவில் அறையில் தூங்கும்போதும் முற்றக்கூடும்.